எல்லாப் பச்சையிலும் இருந்த மஞ்சள்

போன செவ்வாய்க்கிழமை ஓவிய வகுப்பின் பாதியில் நான் எழுந்து போனதற்கு நீங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒருவர் சர்க்கரை என்றாராம். இன்னொருவர் மூத்திரம் என்றாராம். என் பக்கத்து மேசை அம்மையார், நான் வரைந்த இலையைப் பார்த்து டீச்சர் ஒன்றும் சொல்லாமல் போனதால் எனக்குக் கோபம் என்றாராம். மூன்றும் இல்லை. குளிர்சாதனத்தை இருபத்தொன்றில் வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றி இரண்டு முறை புகார் கொடுத்துவிட்டேன். ஆனால் காரணம் அதுவும் இல்லை.

நாம் பன்னிரண்டு பேர் படிக்கிறோம். அதில் ஐந்து பேர் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குகிறீர்கள். நான் முதல் வகுப்பிலேயே எண்ணிவிட்டேன். அன்றைக்குத்தான் டீச்சர் அதைக் கவனித்தார்.

“ஐயோ ஆன்ட்டி, ப்ரஷ்ஷ வாயில வைக்காதீங்க லா! இப்ப வர்ற பெயின்ட் பரவால்ல. முன்னாடிலாம் எல்லோ, ரெட்ல ஈயம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா உள்ள போச்சுன்னா வயித்துவலி, வாந்தி, ஈறுல கோடு விழும், அப்புறம் கையே தூக்க வராது.”

“எங்க வயசுக்கு ஈயம் இல்லாமலே கை தூக்க வரல டீச்சர்,” என்று நம்மில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தீர்கள். நல்ல பகிடிதான். நான் தூரிகையைக் கழுவி, துடைத்து, குவளையில் நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். எம்ஆர்டி ரயிலில் ஏறி உட்கார்ந்தவன் என் வீடு இருக்கும் ஈசூனில் இறங்காமல் இரண்டு நிலையம் தாண்டிப் போய்விட்டேன்.

அந்தக் காரணத்தைத்தான் எழுதுகிறேன். இந்த வகுப்புக்கு வருவதற்கு முன்பே நான் செடி வரையப் பழகியிருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. ஒரே ஒரு பருவம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு.

நாம் இப்போது வகுப்புக்கு வரும் இந்தத் தேக்கா வட்டாரத்தில்தான் எங்கள் வீடு. கடைவீட்டின் மேல்மாடியில் பலகைத் தடுப்புப் போட்டு ஐந்து குடும்பம், ஒரு குளியலறை. எங்கள் தடுப்புக்குள் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான விதவை அத்தை, அக்கா, நான். அப்பா கடைப் பலகை எழுதுகிறவர். கீழே அஞ்சடியில், அதாவது கடை முகப்பின் நடைபாதையில், தூணுக்கும் சுவருக்கும் நடுவில் அவருடைய வேலையிடம். மளிகைக் கடை, தையற்கடை, லாரிக் கதவு, எதுவானாலும் எழுதுவார். வண்ணம் அப்போது பொடியாக டின்களில் வரும். அவரே எண்ணெய் விட்டு அரைத்துக் குழைப்பார். மொத்தம் ஒன்பது டின். மஞ்சள் டின்னில் மட்டும் கிளிப் படம் ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தால் ஆளி எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த ஒரு வாடை வரும். அந்த வாடை எங்கள் சட்டை, பாய், சோற்றுத்தட்டு எல்லாவற்றிலும் இருந்தது.

அக்கா உயர்நிலைப் பள்ளியில் நான்காம் வருடம். அதோடு படிப்பு முடிகிறது. முடிந்ததும் ஊரில் தாய்மாமா பார்த்து வைத்திருக்கும் இடத்தில் கல்யாணம் என்பது அம்மாவின் ஏற்பாடு. அக்காவுக்கு அதில் விருப்பம் இல்லை. இந்த நேரத்தில்தான் அவளுடைய விஞ்ஞான டீச்சர் ஒரு வழி காட்டினார். இந்தத் தீவில் பருவத்துக்குப் பருவம் பூப்பதும் பழுப்பதுமான ஆறு செடிகளை, ஆறு தாளில், முறைப்படி வரைந்து வண்ணமிட்டுக் கொடுத்தால், செடிகளைப் பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில் படம் வரையப் பழகும் பெண்ணாக அக்காவைச் சேர்க்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். வேலை என்று ஒன்று கிடைத்துவிட்டால் கல்யாணத்தைத் தள்ளிப்போட அப்பா சம்மதிப்பார். உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு முன்னால் ஆறும் முடிய வேண்டும்.

எப்படி வரைவது என்று டீச்சர் தட்டச்சில் ஒரு தாள் கொடுத்திருந்தார். பூவை அதன் உண்மையான அளவிலேயே வரை. வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வர வேண்டும். வளைந்திருப்பதை நிமிர்த்தாதே. பூச்சி தின்ற இலையைத் தின்றபடியே வரை. நினைவிலிருந்து ஒரு கோடும் போடாதே. வரைவதற்கு முன் எண்ணு.

எண்ணுவதற்கு நான் இருந்தேன். “டேய், எண்ணுடா,” என்பாள். இதழ், மகரந்தத்தாள், ஒரு காம்பில் எத்தனை இலை, ஓர் இலையில் எத்தனை நரம்பு. கவராயத்தை வைத்து அளந்து கடினப் பென்சிலால் எல்லைக்கோடு போடவும் அக்காவுடன் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இரண்டாவது தாளுக்குள் கோட்டில் அவளை மிஞ்சிவிட்டேன் என்று அவளே சொன்னாள். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பென்சில் என்னுடையது. வண்ணம் அவளுடையது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கெத்தாப்பாங், ஊரில் நாட்டு வாதுமை என்பார்களே, அந்த மரம். வருடத்துக்கு இரண்டு முறை அதன் இலைகள் சிவந்து கொட்டும். கையளவு இலை, நுனியில் சிவப்பு, நடுவில் இன்னும் பச்சை, நரம்போரம் மஞ்சள். நீர்வண்ணத்தில் முதலில் மெல்லிய பூச்சு, அது காய்ந்த பிறகு அடுத்த பூச்சு, மினுங்கும் இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு இலைக்கு ஏழு பூச்சு. காய்வதற்குள் அவசரப்பட்டால் ஓரம் கலங்கிவிடும். அந்தக் காத்திருப்பில் அக்கா தூரிகையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

பள்ளிப் பெட்டியில் எட்டு வண்ண வில்லைகள் இருந்தன. பச்சை வில்லையைத் தொடக்கூடாது என்பது டீச்சரின் கண்டிப்பு. கடைப் பச்சை எந்த இலையிலும் கிடையாது, மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்து நீயே உண்டாக்கு என்பார். அதனால் மஞ்சள் வில்லைதான் முதலில் தேய்ந்தது. இரண்டாவது தாளில் தட்டின் அடி தெரிந்துவிட்டது.

அக்கா கீழே போய் அப்பாவிடம் கேட்டாள். “அப்பா, கொஞ்சம் மஞ்சப் பொடி எடுத்துக்கவா?”

“எதுக்கு, மீன் கொழம்புக்கா?”

“படத்துக்குப்பா.”

“எடுத்துக்க. செந்தூரமும் வேணும்னா எடுத்துக்க, அந்தச் சாயத்துக்கு முன்னால உன் பள்ளிக்கூடச் சிவப்பெல்லாம் நிக்காது. டின்னை மட்டும் திறந்து போட்றாத. ஈரம் ஏறிடும்.”

அப்பாவுக்குப் பெருமை. மகள் தன் டின்னைத் தேடி வந்துவிட்டாள் அல்லவா? நாட்டுமருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கி ஊறவைத்து, ஒரு சொட்டுத் தேன் விட்டு, அந்தப் பொடியைக் குழைத்துக் காயவைக்கவும் அவரே சொல்லிக்கொடுத்தார். விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் தட்டில் மூன்று வில்லைகள் செய்தாள். அந்த மஞ்சள் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு இப்போதும் சொல் இல்லை. பள்ளி மஞ்சள் அதன் பக்கத்தில் சீக்காளி மாதிரி தெரிந்தது.

எங்களிடம் நல்ல தூரிகை ஒன்றுதான். பழசு, மயிர் விரிந்துவிடும். அப்பா எழுத்துக்கு ஓரக்கோடு போடும்போது தூரிகையை உதடுகளுக்கு நடுவில் வைத்து ஒரு சுழற்று சுழற்றுவார், நுனி ஊசியாகிவிடும். அக்காவும் அப்படித்தான் செய்தாள். ஒரு நரம்புக்கு ஒரு சுழற்று.

“இனிக்குதுடா,” என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். நாக்கு மஞ்சளாக இருந்தது. நான் சிரித்தேன். தேன் என்று நினைத்தோம்.

அப்பாவின் வயிற்றுவலியை இங்கே சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அது உண்டு. திடீரென்று தொடங்கும். முழங்காலை மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடப்பார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். ‘வாயு’ என்று அம்மா சொல்வாள். விளக்கெண்ணெய் கொடுப்பாள், துணியைச் சுடவைத்து ஒத்தடம் கொடுப்பாள். அத்தை அருகில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார். இரண்டு நாளில் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். அவர் முகம் எப்போதும் ஈரச் சுண்ணாம்பு நிறம். பலகை எழுதுகிறவனுக்கு வெயில் படாது, அதனால் வெளுப்பு என்று எல்லோரும் சொன்னோம்.

தவக்காலம் தொடங்கியது. நாங்கள் கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, ஒருவேளைச் சாப்பாடு. அக்கா அப்போது நாலாவது தாளில் இருந்தாள். ஒருநாள் காலை குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். உபவாசம் என்றார்கள். மறுநாளும் எடுத்தாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்திருப்பாள். வலி தணிந்ததும் தூரிகையை எடுப்பாள்.

எண்ணுகிற குணம் எனக்கு அத்தையிடமிருந்து வந்திருக்க வேண்டும். அவர் கொடியில் காயும் துணிகளை எண்ணுகிறவர். ஒருநாள் மத்தியானம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: “அண்ணி, இந்த மாசம் இவ துணி கொடிக்கு வரல.”

அம்மாவின் கையில் முறம் நின்றது.

“போன மாசமும் வரல,” என்றார் அத்தை.

எனக்கு அது விளங்கவில்லை. அதற்குப் பிறகு அரிசி புடைக்கிற சத்தம் கேட்கவே இல்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மா தடுப்புக் கதவைச் சாத்திவிட்டு அக்காவைக் கேட்டாள். கதவுக்கு வெளியே, பலகையை ஒட்டி நான். மற்றத் தடுப்புகளில் இருந்த குடும்பங்களுக்குக் கேட்கக்கூடாது என்று இருவரும் மூச்சுக்காற்றிலேயே பேசினார்கள்.

“யாருடி?”

“என்னம்மா யாரு?”

“நடிக்காத. கீழ கண்ணாடிச் சட்டம் போடுறவன் மகனா? அவன்தான உனக்குத் தாள் தாளா கொடுக்குறான்?”

“அது அவங்க வெட்டிப் போடுற தாளும்மா. எல்லாருக்கும்தான் கொடுக்குறாரு.”

“எல்லாருக்கும் வாந்தி வரலையேடி.”

அக்கா அழவில்லை. அவளுக்கு அப்போதும் புரியவில்லை என்று நினைக்கிறேன். புரிந்த பிறகு, “அம்மா, மாதாமேல சத்தியமா,” என்று ஆரம்பித்தாள். “மாதாவ இழுக்காத,” என்று அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

அப்பா மறுநாள் கீழே போய், படங்களுக்குச் சட்டம் போடும் அந்தக் கடையில் சத்தம் போட்டார். அந்தச் சீனக் குடும்பத்துக்கு அவர் பேசிய தமிழும் புரியவில்லை, மலாயும் புரியவில்லை. அந்த இளைஞன் கையில் மரச்சட்டத்துடன் விழித்துக்கொண்டு நின்றான். பதினோரு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்கள். அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவார்கள்.

நடக்கிற தூரத்தில் பிள்ளை பெறும் ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு பரிசோதனை போதும், விஷயம் தெளிந்திருக்கும். ஆனால் அதன் வாசலில் கல்யாணமாகாத பெண்ணோடு நின்றால் எங்கள் பங்குக் கோவில் ஆட்களில் பாதிப் பேர் பார்த்துவிடுவார்கள் என்று அம்மா பயந்தாள். அதனால் அத்தைக்குத் தெரிந்த ஒரு மருத்துவச்சியை வீட்டுக்கே வரவழைத்தார்கள். அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “வயிறு கல்லு மாதிரி இருக்கு. இப்பச் சொல்ல முடியாது. இன்னும் ஒரு மாசம் போகட்டும்,” என்றாள். ஒரு மாதம் காத்திருக்க யாருக்கும் தைரியம் இல்லை. முடியாது என்று அவள் சொன்னதை, இல்லை என்று சொல்லவில்லையே என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு பாவசங்கீர்த்தனம். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா, அத்தை, அக்கா, நான் நாலு பேரும் கோவிலுக்குப் போனோம். பாவம் செய்தவள் சாமியாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? அவர் அதை வெளியே சொல்லமாட்டார். ஆனால் உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று வெளியிலிருந்து பார்க்கலாம் அல்லவா? அம்மாவும் அத்தையும் வாங்கில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனக் கூண்டின் பச்சைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போன வேகத்தில் வந்துவிட்டாள்.

“மறைக்கிறா,” என்றார் அத்தை.

அடுத்த சனிக்கிழமை அக்கா அதைப் புரிந்துகொண்டு நெடுநேரம் உள்ளே இருந்தாள். என்ன சொன்னாளோ, சும்மா மண்டியிட்டுக்கொண்டிருந்தாளோ, தெரியாது. எனக்கு முழங்கால் மரத்துவிட்டது. அவள் வெளியே வந்ததும் அத்தை அம்மாவின் கையைப் பிடித்து, “பாத்தீங்களா, எவ்வளவு இருந்திருக்கு,” என்றார்.

இதற்கு நடுவில்தான் அந்த ஈறு விஷயம். அக்கா கைக்கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கீழுதட்டை இழுத்துக் காட்டினாள். “டேய், இங்க பாரு. என் ஈறுல யாரோ பென்சில் கோடு போட்டிருக்காங்க.”

பார்த்தேன். கீழ்வரிசையில் நாலு பல்லின் அடியில், ஈறு விளிம்பை ஒட்டி, நீலச் சாம்பலாக ஒரு மெல்லிய கோடு. என்னுடைய கடினப் பென்சில் தாளில் விழுவது போலவே. “அப்பாவுக்கும் இருக்கு,” என்றேன். அப்பா கொட்டாவி விடும்போது அதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அப்பன் ஈறு மகளுக்கு வராம எதிர்வீட்டுக்காரிக்கா வரும்? போடா,” என்றாள்.

ஐந்து தாள் முடிந்துவிட்டது. படம் வரைவதை அம்மா நிறுத்தவில்லை. வீட்டுக்குள் இருத்தி வைக்க அது நல்லது என்று நினைத்தாள். பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். ஆறாவது தாள் அங்சானா, மஞ்சள் பூ மரம். தவக்காலத்தின் கடைசியில், மழை பெய்து விட்ட பிறகு, ஒரே நாளில் எல்லா மரமும் பூக்கும். மறுநாள் எல்லாம் தரையில். திடலோரத்து மரங்களிலிருந்து நானே போய் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தேன். பூவுக்கு ஐந்து இதழ், ஓரம் சுருங்கியது. மகரந்தத்தாள் பத்து. கொத்தில் பூத்தது இருபத்துமூன்று, மொட்டு நாற்பதுக்கு மேல். மத்தியானத்துக்குள் உதிரத் தொடங்கிவிடும். நான் வேகமாகக் கோடு போட்டேன். என் வாழ்க்கையில் அதைப்போல் நல்ல கோடு பிறகு போட்டதில்லை.

அக்கா தூரிகையை எடுத்தாள். கை மேசைக்கு மேலே வந்தது, ஆனால் மணிக்கட்டோடு தொங்கியது, தண்ணீர் இல்லாத தண்டு தலை சாய்வது போல. விரல்களை நீட்டச் சொன்னேன். நீட்ட வரவில்லை.

“நேத்து நல்லாத்தான இருந்துச்சு?”

“நேத்தே இப்படித்தான். சொல்லல. நீ பூவப் பாரு, உதிரப்போவுது.”

இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வண்ணம் வைத்தாள். ஒரு பூ, ஒரு சுழற்று, ஒரு பூ. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப கையக் காட்டி ஏமாத்துறா,” என்று சொல்லிப்போனார். அப்பா உள்ளே வந்தார். அவர் குனிந்து அந்தக் கையை எடுத்துப் பார்த்தார். அது அவர் உள்ளங்கையில் தொங்கியது. பிறகு தன்னுடைய வலது மணிக்கட்டைத் தடவினார். அவருக்கும் சில நாள் தூரிகை நழுவும். நரம்புத் தளர்ச்சி என்று தைலம் தேய்ப்பார். அவள் கையையும் தன் கையையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாய் திறந்தார். அந்த நேரத்தில் அம்மா, கப்பல் சீட்டு விஷயமாக ஆள் வந்திருப்பதாகக் கீழேயிருந்து கூப்பிட்டாள். எழுந்து போனார்.

இருபது பூவுக்கு வண்ணம் வைத்தாள். மூன்று பூ வெள்ளையாக நின்றது. மாதிரிப் பூக்கள் எல்லாம் மேசையில் உதிர்ந்துவிட்டன. நினைவிலிருந்து ஒரு கோடும் போடாதே என்பது விதி. அக்கா தூரிகையைக் கீழே வைத்தாள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த வாரம் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினாள். துறைமுகத்தில் அக்கா என் தலையில் கை வைக்கப் பார்த்தாள்; கை எழவில்லை. நான்தான் குனிந்தேன். “மூணு பூவ நீ போட்டு டீச்சர்ட்ட கொடுத்துடு. பூக்குறப்ப பாத்துப் போடு,” என்றாள். நான் தலையாட்டினேன்.

அக்காவின் டீச்சர் ஒரு சாயங்காலம் மாடி ஏறி வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி, “ஊருக்குப் போயிட்டா. கல்யாணம்,” என்றார் அத்தை. டீச்சர் படங்களைக் கேட்டார். இல்லை என்றார் அத்தை. அதற்குள் உண்மையாகவே இல்லாமல் போயிருந்தது. தடித்த நல்ல தாள், வீணாக ஏன் கிடக்க வேண்டும் என்று அப்பா அவற்றை எடுத்துக்கொண்டார். லாரிக் கதவில் எழுத, எழுத்தின் உருவத்தைத் தாளில் வெட்டியெடுத்து அதன்மேல் வண்ணம் தேய்ப்பார்கள். கெத்தாப்பாங் இலையின் நடுவில் ஓர் எழுத்தின் ஓட்டை. அங்சானாக் கொத்தில் இரண்டு எழுத்து. அவருக்கு வன்மம் எதுவும் இல்லை. நான் அஞ்சடியில் உட்கார்ந்து அந்த ஓட்டைகள் வழியாகத் தெரு போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்தில் எண்ணெய் ஊறிக் கிழிந்துபோயின. பீங்கான் தட்டை அத்தை பூனைக்கு வைத்தார்.

இனி வருவதுதான் எனக்கு ஆறாதது. அம்மா அவளை அங்கே விட்டுவிட்டுத் திரும்பினாள். இரண்டு மாதத்தில் ஊரிலிருந்து மாமா எழுதினார்: பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், முகத்தில் ரத்தம் வந்துவிட்டது, வயிற்றுவலி இல்லை, எல்லாம் ஒழுங்காகிவிட்டது. எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? “கப்பல்லயே கழிஞ்சிருச்சு போல,” என்றார் அத்தை. அவள் தேறியதே அவள்மேல் சாட்சியாகிவிட்டது. அந்தப் பேச்சு கடிதத்தோடு ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. பார்த்து வைத்திருந்த இடம் தவறிப்போய், மனைவியை இழந்த, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு அவளைக் கொடுத்தார்கள். கேட்டதும் ஒத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தானாம். மாமியார் சாகும்வரை அவளை, ‘கடல்ல கழுவிட்டு வந்தவ’ என்றுதான் கூப்பிட்டாராம்.

அப்பா ஐம்பத்தொரு வயதில், அதே வாயுவில், சிறுநீர் நின்று இறந்தார். அவருக்கு வந்தபோது வாயு, அவளுக்கு வந்தபோது அவமானம். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரே வலி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா படித்தவள் இல்லை. நான் படித்தேன், முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன், எல்லாவற்றையும் எண்ணினேன். எனக்கும் தோன்றவில்லை.

அக்கா பிறகு தூரிகை தொடவில்லை. கை ஓரளவுக்குத்தான் திரும்பி வந்தது. கரண்டியை இடது கையால் பிடிப்பாள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் நான் போன் செய்வேன். கடைசியாகப் பேசிய கிறிஸ்துமஸில், பேரப்பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவில், திடீரென்று கேட்டாள்.

“தம்பி, நீதான் எல்லாத்தையும் எண்ணி எண்ணிப் பாப்பியே. அப்ப எனக்கு என்னடா வந்துச்சு?”

“தெரியலக்கா.”

“நான் ஒண்ணும் பண்ணலடா.”

“தெரியும்க்கா.”

“நீ சும்மா சொல்ற,” என்று சிரித்தாள். “சில சமயம் எனக்கே சந்தேகமா இருக்குடா. அத்தன பேரு சொன்னா, ஏதோ பண்ணித்தான் இருப்பமோ, மறந்துட்டமோன்னு.”

நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்தார்கள். எழுபத்தொன்பது வயது. விமானத்தில் போகும் உடம்பு எனக்கு இல்லை.

போன செவ்வாய் நம் டீச்சர் சொன்னாரே, வயித்துவலி, வாந்தி, ஈறுல கோடு, கை என்று. நாலையும் நான் விரலில் எண்ணினேன். நாலும் இருந்தன. மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். மாதவிடாய் நிற்பதும் உண்டாம். நாக்குக்கு இனிப்பதும் உண்டாம். கிளிப் படம் போட்ட அந்த மஞ்சள் எங்கள் எல்லாப் பச்சையிலும் இருந்தது. இரண்டாவது தாளிலிருந்து அவள் வண்ணம் வைத்த ஒவ்வொரு இலையிலும் இருந்தது. பென்சில் மட்டும் பிடித்த எனக்கு ஒன்றும் வரவில்லை. கப்பலில் அவள் கழுவி விட்டது எதுவும் இல்லை. கப்பலில் தூரிகை இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஊரில் இருக்கும் அக்காவின் மூத்த மகனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முதலிலிருந்து விளக்கினேன். மஞ்சள், ஈயம், உதடு. பொறுமையாகக் கேட்டான்.

“சரி மாமா. அது ஆச்சு எத்தன வருஷம். நீங்க மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா? குரல் ஒரு மாதிரி இருக்கே.”

“உங்கம்மா ஒண்ணும் பண்ணலப்பா.”

“அம்மாவ யாரும் இப்ப ஒண்ணும் சொல்லல மாமா. போயிட்டாங்கல்ல. விடுங்க.”

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கு அது ஒரு பழைய பேச்சு. ஆனால் யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. என் வயதில் இதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் என்று எனக்கு மிச்சம் இருப்பது நீங்கள்தான். அதனால்தான் இதை எழுதி, ஆளுக்கொன்று நகல் எடுத்து, உங்கள் மேசையில் வைக்கிறேன்.

வருகிற செவ்வாய் வருவேன். குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். திடலோரத்து அங்சானா மரங்கள் இப்போது இல்லை. நம் அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே வேறு அங்சானாக்கள் உண்டு, மழைக்குப் பிறகு பூக்கும். பூத்தால் எனக்குச் சொல்லுங்கள். மூன்று பூ பாக்கி இருக்கிறது, பார்த்துத்தான் போட வேண்டும்.

அன்றைக்கு அவளைக் குற்றவாளி என்று முடிவு செய்தவர்களை எண்ணிப் பார்த்தேன். அம்மா, அப்பா, அத்தை, இல்லை என்று சொல்லாத மருத்துவச்சி, மாமா, பிறகு மாமியார். ஆறு பேர். எல்லோரும் போய்விட்டார்கள். இதைப் படித்து முடித்தபின் அவள் ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்தவர்கள் நீங்கள் பதினொரு பேர், டீச்சரோடு பன்னிரண்டு, என்னோடு பதின்மூன்று.